மிஸ்வாக் அஸ்கி

2024 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை, கல்முனைக்குடி: அஸ்கி சிகரெட்டைத் தொடாமல் நான்காவது நாள்.

எட்டு மாதம் புகைத்தவன். பதினேழு வயதில் அரை மைதானம் ஓடுவதற்குள் மூச்சு வாங்கியது. உம்மாவுக்குத் தெரியவருமுன் சத்தமில்லாமல் விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுத்தான். ஆனால் வாய் கேட்கவில்லை. பேனையைக் கடித்தான், சட்டைக் கொலரைக் கடித்தான். முதல் நாள் மாலையே, வாப்பா மக்காவுக்கு உம்றா போய்க் கொண்டுவந்த மிஸ்வாக் குச்சியொன்றை எடுத்து, பல் துலக்குகிற சாக்கில் மெல்லத் தொடங்கினான்.

சுஹறா உம்மா கண்டுவிட்டாள்.

"எப்ப தொடக்கம் மகன் இது?"

"நாலு நாளா, உம்மா. நபிவழிதானே."

உம்மாவின் கண் கலங்கியது. "விட்டுராத மகன்," என்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள்.

மறுநாள் நாக்கு நமநமத்தது. ஒன்றே ஒன்று, அதோடு சரி என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு முகைதீன்பாவாவின் பெட்டிக்கடைக்குப் போனான். இத்தனை மாதமும் வயது கேட்காமல் ஒற்றைச் சிகரெட் நீட்டிய மனிதர், அன்று எழுந்து நின்று ஸலாம் சொன்னார். ஐந்து நேரமும் மிஸ்வாக் செய்யும் பிள்ளை தன் கடை தேடி வந்ததில் அவருக்கு அத்தனை பெருமை. அஸ்கி இஞ்சி டொபி வாங்கிக்கொண்டு திரும்பினான்.

தன்னைப் பற்றி ஊரில் கதைக்க வேண்டாம், தனக்குப் புகழ் பிடிக்காது என்று உம்மாவிடம் கெஞ்சினான். உம்மா அதையும் போய்ச் சொல்லிவிட்டாள். புகழ் பிடிக்காத பிள்ளை என்று அவன் புகழ் இரட்டித்தது. தெருவில் பெரியவர்கள் வழிவிட்டார்கள்.

திங்கட்கிழமை, தன்னை யாரும் அறியாத மருதமுனைக்குச் சைக்கிளை மிதித்தான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சுஹறாட மகனா? நேத்துத்தான் உம்மா வந்து செல்லிட்டுப் போனா. எண்ட புள்ளட பரீட்சைக்கும் துஆக் கேளுங்க தம்பி."

உம்மா கைத்தறிச் சாரன் வாங்க வந்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டு, இன்னொரு டொபியோடு வீடு வந்தான்.

ஒன்பதாவது நாள் நஸீம் மௌலவியே வீட்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, புகையின் தீமையைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளுக்கு அஸ்கி பேச வேண்டுமாம். புகை நாற்றமே அறியாத பிள்ளை சொன்னால்தான் எடுபடுமாம்.

பள்ளிவாசலில் நின்று பொய் சொல்வதா? உம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று அஸ்கி தீர்மானித்தான். எப்படித் தொடங்குவது, உம்மாவின் நெஞ்சு தாங்குமா என்று தங்கை ஸம்றாவிடம் யோசனை கேட்டான்.

கணக்குச் செய்துகொண்டிருந்த ஸம்றா தலையை நிமிர்த்தவில்லை.

"உண்ட சட்டையெல்லாம் கழுவுறது ஆரு, காக்கா? 'எண்ட மகனுக்குச் சிகரெட் விக்காதீங்க' எண்டு செல்லப் போனா உனக்கு மானக்கேடு எண்டுதான், உம்மா கடை கடையா உண்ட மிஸ்வாக்கைப் பத்திச் செல்லித் திரிஞ்சா."