ஒரு வயர், இரண்டு சட்டை

வணிகப் போட்டி எவ்வளவு ஆரோக்கியமாக இருக்க முடியும் என்று உலகத்தார் அறிய விரும்பினால், ஏரலில் இறங்கி ஆற்றங்கரையோடு மூன்று மைல் நடந்து நஸீமாவின் வீட்டுக்கு வரலாம். செல்போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காத அந்தச் சிற்றூருக்கு இணையம் தர ஒன்றல்ல, இரண்டு நிறுவனங்கள்! 'நெல்லை மின்னல்', 'பொருநை வேகம்'. மக்களின் 'தேர்ந்தெடுக்கும் உரிமை' அங்கே பொங்கி வழிந்தது.

நஸீமாவுக்கு அன்று இணையம் இல்லாமல் தீராது. பிள்ளை பிறந்து ஏழாம் நாள், பெயர் சூட்ட வேண்டும். ரியாத்தில் இருக்கும் கணவன் முஹ்சின், "எம்மவன் காதுல நான்தான் மொதல்ல பேரச் சொல்லுவேன்" என்று ஒற்றைக்காலில் நின்றான். பாவி மனுஷன், என்ன பெயரென்று பெண்டாட்டியிடம்கூட மூச்சுவிடவில்லை. பத்து மணிக்கு வீடியோவில் வருவதாக ஏற்பாடு. ஒன்பதரைக்கு மின்னல் செத்துப்போனது.

ஆள் அனுப்பியதும் மின்னல் கம்பெனியின் நீலச் சட்டையில் பெருமாள்ராஜ் வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"லைன் இல்லம்மா. நாலு நாளாவும்."

"அப்ப நான் கம்பெனிய மாத்துதேன், அண்ணாச்சி!"

"தாராளமா மாத்து. அது ஒன் உரிமைல்லா?"

கம்பீரமாக வெளியேறியவர், முருங்கை மரத்துக்குப் பின்னால் போய், பச்சைச் சட்டையோடு திரும்பி வந்தார்.

"வணக்கம்மா, பொருநை வேகம்."

"இப்பத்தான அண்ணாச்சி நீலத்துல போனீய?"

"அவிய எங்க போட்டியாளரு. அவியளோட எங்களுக்குப் பேச்சுவார்த்தையே கெடையாது."

பழைய வயரைப் பிடுங்கினார். புழுதியை ஊதினார். அதே வயரை அதே ஓட்டையில் சொருகினார். போட்டியின் மகிமை, பெட்டியில் விளக்கு எரிந்தது!

சரியாகப் பத்துக்கு முஹ்சின் முகம் வந்தது. கண்ணெல்லாம் ஈரம். நஸீமா பதறிப்போய்ப் போனைப் பிள்ளையின் காதோரம் வைத்தாள்.

"வாப்பா பேசுதேன், ராசா. ஒம் பேரு..."

திறந்த வாய் திறந்தபடி நின்றது. வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதது. நஸீமாவுக்கும் அடக்க முடியவில்லை.

பெருமாள்ராஜ் மனம் தளரவில்லை. "எங்க சேவை பிடிக்கலன்னா பழைய கம்பெனிக்கே போய்க்கலாம்மா. அடுத்த மாசம் மூணாவது கம்பெனியும் வருது. சட்டை தையக்கடையில கெடக்கு" என்றபடி பச்சைச் சட்டையின் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். உள்ளே நீலம் தெரிந்தது.

நஸீமா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பொத்தானப் போடுங்க, அண்ணாச்சி. ஒத்த வயருக்கு ரெண்டு பேரு வச்சிட்டிய, மூணாவதும் வைக்கப் போறிய. எம்பிள்ளைக்கு ஒரு பேரு வந்துசேர மாட்டேங்கு."