செவ்வாய்க்கிரகத்தைக் குத்தகைக்கு விட்டவன்

மிதிக்கிறவன் கதைக்கக் கூடாது. கதைக்கிறவன் மிதிக்கக் கூடாது. இந்த உண்மை தெரியாமல்தான் நான் மாப்பிள்ளையாகப் புறப்பட்டேன்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. யுத்தத் தடையால் வன்னிக்குள் றேடியோ பற்றரி வர அனுமதி இல்லை. மின்சாரம் என்பது பிள்ளைகள் விஞ்ஞானப் புத்தகத்தில் படிக்கிற ஒரு விஷயம். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோ வயரை றேடியோவில் கொழுவி, ஒருவர் ஏறி மிதிக்க வேண்டும். மிதி குறைந்தால் செய்தி வாசிப்பவர் பாதி வசனத்தில் காணாமல் போய்விடுவார்.

தர்மபுரத்தில் நான் அப்போது சம்பளம் இல்லாத தொண்டர் ஆசிரியர். சொத்து என்று சொல்ல உலக அறிவு மட்டும்தான் இருந்தது (இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்). அந்த மே மாதம் சதுரங்க உலகச் சம்பியனைக் கணினி தோற்கடித்ததை நான் வாசிகசாலையில் விளக்கியபோது, கணினியை ஒருநாளும் கண்டிராத சனம் வாய்பிளந்து நின்றது (நானும் கண்டதில்லை). அந்தப் புகழை நம்பித்தான் அம்மா வதனி வீட்டில் சம்பந்தம் பேசினார். வதனி மீது எனக்கு ஏற்கெனவே ஒரு கண். அவளுடைய அப்பா, யாழ்ப்பாணத்தில் தபாலகத்தில் வேலை பார்த்து இடம்பெயர்ந்து வந்தவர், பெடியனைச் செய்தி கேட்க வரச் சொல்லுங்கோ, கதைத்துப் பார்ப்போம் என்று சொல்லியனுப்பினார்.

யூலை மாதம் போனேன். அயல்வீட்டுச் சனமெல்லாம் அந்த முற்றத்தில் கூடியிருந்தது. புளியங்குளப் பக்கம் ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாளைக்கு எங்கே இருப்போம் என்று தெரியாத அந்தச் சனத்துக்கு, செவ்வாய்க்கிரகத்தில் விண்கலம் இறங்கிவிட்டதா என்று தெரியாமல் சாப்பாடு செல்லவில்லை. அவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அந்த வீட்டில் வழக்கமாக மிதிப்பவள் வதனி. விருந்தாளியை மிதிக்க விடும் வழக்கம் எங்கும் இல்லை. நான்தான் வீரத்தைக் காட்ட வலியப்போய் ஏறினேன். மிதித்துக்கொண்டே விளக்கமும் சொல்வதாகத் திட்டம்.

அந்த வாரச் செய்தித் தொகுப்பில் விண்கலம் இறங்கிய செய்தி வந்தது. “அதாவது...” என்று வாயைத் திறந்தேன். கால் நின்றது, றேடியோவும் நின்றது. பதறிப்போய் மிதித்து அதற்கு உயிர் கொடுத்தபோது, பிரிட்டன் கொடி இறங்கி, குத்தகை முடிந்து, எல்லாம் சீனாவின் கைக்குப் போயிருந்தது. எது போனது என்பது மட்டும் கேட்கவில்லை. மூச்சு முட்டிக் கால் நின்றது; றேடியோ மறுபடியும் அணைந்தது.

“என்னவாம் தம்பி?” என்று கேட்டார் பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்கா.

தெரியாது என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. “செவ்வாய்க்கிரகத்தின்ர குத்தகை முடிஞ்சுதாம் அக்கா. பிரிட்டன் அதைச் சீனாவிட்டக் குடுத்திட்டுது.”

குத்தகைக்கு வயல் செய்யும் கந்தையாண்ணைக்கு உடனே அக்கறை வந்துவிட்டது. “அங்க வயலோ, மேட்டுக்காணியோ?”

“மேட்டுக்காணிதான். தண்ணி இல்லை.”

சீனாவை எண்ணிச் சனம் உண்மையாகவே கவலைப்பட்டது. அப்போதுதான் வதனி குசினியில் தேத்தண்ணி வைத்துவிட்டு வந்தாள்.

“இறங்குங்கோ. நான் மிதிக்கிறன்.”

இறங்கினேன். கதிரை வரை போகாமல் மண்ணிலேயே இருந்துவிட்டேன். அவள் பாவாடையை ஒதுக்கி ஏறி, ஒரே சீராக மிதித்தாள். கடைசியில் தலைப்புச் செய்திகளை மறுபடி வாசித்தார்கள். சீனாவுக்குப் போனது ஹொங்கொங். செவ்வாய்க்கிரகம் இருந்த இடத்திலேயே இருந்தது.

முற்றம் முழுவதும் சிரித்தது. வதனி சிரிக்கவில்லை. சிரித்தால் மிதி குறையும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய அப்பாவும் சிரிக்காமல் என்னையே பார்த்தார். சம்பந்தம் போய்விட்டது என்று வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தேன்.

மறுநாள் சம்மதம் என்று ஆள் வந்தது. ஆவணியில் கலியாணம். அடுத்த சில நாட்களில் வெளிநாட்டு இளவரசி ஒருத்தி கார் விபத்தில் இறந்தபோது, எங்கள் முற்றத்தில் வதனி அழுதுகொண்டே மிதித்தாள். ஒரு சொல்கூடத் தவறவில்லை. இப்படி ஒருத்தி எனக்கு எப்படிக் கிடைத்தாள் என்று வாய்விட்டே மாமாவிடம் கேட்டேன்.

“பொய் சொல்லுற மாப்பிளையள் கனபேர் தம்பி,” என்றார். “என்ர பிள்ளை சொன்ன உடன இறங்கினது நீர் ஒருத்தர்தான்.”

இப்போது கிளிநொச்சியில் எங்கள் மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறோம். தரகர் படிப்பு, வேலை, வெளிநாடு என்று அடுக்கி முடிக்கும் வரை வதனி பொறுமையாக இருப்பாள். பிறகு கேட்பாள்:

“அதெல்லாம் சரி. இறங்கச் சொன்னா இறங்குவாரோ?”