ஸ்ட்ரைக்கர் தர்பாரைக் காப்பாற்றுவது தொடர்பாக

ஆம்பூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மச்சான் நவநீதனுக்கு,

மாமா பஞ்சாட்சரம் எழுதிக்கொண்டது. இங்கே உன் அக்கா கோவிந்தம்மாள், நான், இன்வர்ட்டர் மூவரும் நலம். சென்னையில் நீயும் மோகனாவும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய் என்பதால் இதைத் தபாலில் அனுப்புகிறேன்.

கொரோனா சமயத்தில் ஷூ கம்பெனியை மூடி என்னை வீட்டில் உட்கார வைத்தபோது, அக்காவும் மாமாவும் சண்டை போடாமல் இருக்கட்டும் என்று நீ என் ஃபோனில் 'ஸ்ட்ரைக்கர் தர்பார்' என்ற கேரம் தளத்தைத் திறந்து கொடுத்தாய் அல்லவா, அதன் நிலைமை இப்போது சரியில்லை. அப்போதெல்லாம் சாயங்காலம் உள்ளே நுழைந்தால் கல்யாண மண்டபப் பந்தி மாதிரி இடம் பிடிக்கக் காத்திருக்க வேண்டும், எங்கள் கட்டிங் செக்ஷன் மொத்தமும் அங்கேதான் இருந்தது, கம்பெனி திறந்த பிறகு சூப்பர்வைசரை ஆட்டத்தில் தோற்கடித்துவிட்டு மறுநாள் லீவு கேட்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு. பிறகு ஒவ்வொருவராக ரீல்ஸ் பார்க்கப் போய்விட்டார்கள். இப்போது அவ்வளவு பெரிய தளத்தில் நானும், அங்கேயே பழக்கமாகி இன்னும் நேரில் பார்க்காத பேர்ணாம்பட்டு சத்தார் பாயும் மட்டும்தான். இப்படியே போனால் இந்த மாதத்தோடு மூடிவிடுவோம் என்று அறிவிப்பும் போட்டுவிட்டார்கள்.

மூடினால் மூடட்டும் என்று நீ நினைக்கலாம். சத்தார் பாய்க்குப் போன வருடம் மனைவி தவறிவிட்டார். அதிலிருந்து தினமும் சாயங்காலம் மக்ரிப் தொழுகை முடிந்ததும் வந்து, 'ஆட்டம்?' என்று ஒரு வார்த்தை எழுதுவார். அவர் காய் தவறினால் 'அடடா' என்பார், நான் 'பரவால்ல பாய்' என்பேன். எங்கள் இருவருக்கும் ஒரு நாளைக்கு அந்தப் பேச்சு போதும். "அதுக்கு ஃபோன் பண்ணி வாயால பேசறதுதானே" என்று உன் அக்கா சொன்னாளே என்று ஒருமுறை பண்ணினேன். "சாப்ட்டீங்களா பாய்?" என்றேன். "சாப்ட்டேன், நீங்க?" என்றார். "சாப்ட்டேன்" என்றேன். அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. முதலில் வைப்பது மரியாதை இல்லை என்று இருவரும் காதில் வைத்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் அவர் ஃபோனில் சார்ஜ் தீர்ந்து எங்களைக் காப்பாற்றியது.

ஆகவே ஆள் சேர்ப்பது என்று முடிவு செய்து, வேலூர் போய் லாங் பஜாரில் ஜியாவுல்லாவின் அச்சகத்தில் நோட்டீஸ் கொடுத்தேன். 'ஸ்ட்ரைக்கர் தர்பார், குடும்பத்தோடு வாருங்கள், அனைத்தும் இலவசம்' என்பதும் என் ஃபோன் நம்பரும்தான் நான் எழுதித் தந்தவை. கட்டாக வாங்கிக்கொண்டு வந்து, ஷிஃப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வாசலில் நின்று எல்லாவற்றையும் கொடுத்து முடித்த பிறகுதான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். நடுவில் ஒரு தட்டு பிரியாணி ஆவி பறக்க இருந்தது. ஃபோன் போட்டுக் கேட்டதற்கு ஜியாவுல்லா, "நடுவுல வெறுமையா இருந்துச்சு சார், ஆம்பூருக்குத்தானேன்னு பிரியாணி படம் போட்டேன். அதுக்கு ஜாஸ்தி எதுவும் வாங்கலியே" என்கிறார்.

அன்று முதல் ஃபோன் ஓயவில்லை. மட்டனா சிக்கனா என்கிறார்கள், கத்தரிக்காய் தொக்கு உண்டா என்கிறார்கள். ஆரம்பத்தில் பொறுமையாக இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த உன் அக்கா, இப்போது "எத்தன பேருக்கு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள், எனக்குக் கவலையாக இருக்கிறது. முனவ்வர் பேகம் என்ற அம்மாள் குடும்பத்தோடு, மூடி போட்ட தூக்குப் பாத்திரத்தோடு, வீட்டுக்கே வந்துவிட்டார். வந்தவர்களை விடக் கூடாது என்று உட்கார வைத்து, ஆளுக்கொரு ஃபோனில் தளத்தைத் திறந்து, விரலை எப்படி இழுத்துவிட வேண்டும் என்று விளக்கினேன். அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, பிரியாணி இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. ஏன் பேஜார் பண்றீங்க?" என்றார். உன் அக்கா எங்களுக்கு வைத்திருந்த எலுமிச்சை சாதத்தை அந்தப் பாத்திரத்தில் போட்டு அனுப்பினாள். அன்றைக்கு நாங்கள் இருவரும் பன் தின்றோம்.

மச்சான், நீ கம்ப்யூட்டர் படித்தவன். அந்தத் தளத்தை நடத்துகிறவர்களும் சென்னையில்தான் இருக்கிறார்களாம். நேரில் போய், இருக்கிற இரண்டு பேருக்காகவாவது ஒரே ஒரு பலகையைத் திறந்து வைக்கும்படி கேள். கோபப்படாதே. பெரியவர்கள் ஆசைப்படுகிறார்கள் என்று சொல்.

சோளிங்கர் நரசிம்மர் உன்னையும் மோகனாவையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லி உன் அக்கா எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் மாமா,
பஞ்சாட்சரம்.

பி.கு.: கவரை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன். இப்போது தளத்துக்குள் போனால் நிற்க இடமில்லை. நோட்டீசில் இருந்த பெயரை ஃபோனில் தேடிப் பிடித்து, பிரியாணி எங்கே என்று திட்ட வந்த ஜனம் அப்படியே விளையாட உட்கார்ந்துவிட்டது. சத்தார் பாய் யாரோ ஒரு புது ஆளோடு ஐந்தாவது ஆட்டம் ஆடுகிறார். 'கொஞ்சம் வெயிட் பண்ணுங்க, நல்லா ஆடறாரு' என்று எனக்கு எழுதினார். ஆகவே நீ அவர்களைப் பார்க்கும்போது, சொன்னபடி இந்த மாதமே மூடிவிடச் சொல். பேர்ணாம்பட்டு பஸ் நம் தெருமுனையில்தான் நின்று போகிறது. இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஏறலாம் என்று தோன்றியதில்லை. நாளைக்கு ஏறுகிறேன்.