எட்டு டப்பா

புரூஃப்ரீடரின் டப்பா இன்னும் காலியாகவே இருந்தது. பதினொரு மணிக்குள் கொடுத்தாக வேண்டும்.

அச்சகத்தில் வேலை செய்யும் எட்டுப் பேருக்கும் மலப் பரிசோதனை. குடலில் வாழும் சில பாக்டீரியாக்களுக்கும், பின்னால் புற்றுநோயாகக்கூடிய கட்டிகளுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்கிறாராம் டாக்டர். யாரும் கூச்சப்படக் கூடாதென்று முந்தின நாள் தன்னுடைய டப்பாவையே தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். முன்வரிசை மூக்கைப் பொத்திக்கொண்டது. அதற்குள் போன் வரவே, அவசரமாகக் கிளம்பிவிட்டார்.

புரூஃப்ரீடருக்குக் கூச்சமில்லை, பயம். அவருடைய அப்பாவைக் கொண்டுபோனதே குடல்தான். ஊரார் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் குதிக்கிற மனிதர், தன் வயிற்றைப் பற்றி மட்டும் எதுவும் தெரியாமலிருந்தால் போதும் என்றிருந்தார்.

நேராக வாசல் வாட்ச்மேனிடம் போனார். வெளி ஏஜென்சி ஆள் என்பதால் அவருக்குப் பரிசோதனை கிடையாது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு.

"அண்ணே, ஒரு உதவி. வெளிய சொல்லிடாதீங்க..."

"டப்பாவ வச்சுட்டுப் போங்க சார்," என்றார் வாட்ச்மேன், கேட்டு முடிப்பதற்குள்.

ஒரே வாரத்தில் டாக்டர் மூச்சிரைக்க வந்தார்.

"எட்டுப் பேருக்கும் அச்சு அசலா ஒரே பாக்டீரியா! கட்டி உள்ளவங்ககிட்ட அதிகமா இருக்கிற ரகம்!"

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கூரையைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் ஒரே தண்ணிதானே குடிக்கிறோம்," என்று சமாளித்தார் புரூஃப்ரீடர். தண்ணீர்த் தொட்டிக்குச் சீல் விழுந்தது.

"ஒரே டாய்லெட் வேற," என்றார் மெஷின்காரர். அதற்கும் பூட்டு விழுந்தது. இவர்களைக் கண்டாலே எதிர்க்கடைக்காரர் கதவைச் சாத்த ஆரம்பித்தார்.

"எதுக்கும் எல்லாருக்கும் கேமரா விட்டுப் பாத்துடுவோம்," என்றார் டாக்டர்.

உண்மையைச் சொன்னால் மானம் போகும். புரூஃப்ரீடர் கேமராவுக்குப் போய்ப் படுத்தார்.

ஏழு பேருக்கு ஒன்றுமில்லை. அவருக்கு மட்டும் நிஜமாகவே ஒரு கட்டி. புற்றுநோயாவதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டோம் என்று தெரிந்ததும் மனுஷன் வாய்விட்டு அழுதார். அழுது முடித்ததும் வாட்ச்மேன் ஞாபகம் வந்தது. அந்தப் பாக்டீரியா அவருடையதல்லவா!

மானமாவது ஒன்றாவது. டாக்டரின் கையைப் பிடித்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்து வந்தார்.

"டாக்டர், இவரை உடனே பாருங்க! எட்டு டப்பாவும் இவரோடதுதான்!"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு அன்னைக்கு வரவே இல்ல சார். டாக்டரய்யா மேசையில மறந்துட்டுப் போனாரே ஒரு டப்பா, அதைத்தான் எட்டாப் பிரிச்சேன்."