கோதடிக்குள் நான்

சரியாக மாலை நாலு நாற்பதுக்கு நான் என்னையே கோதடிக்குள் சுருட்டிக்கொண்டேன். (புனேயில் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் கனத்த போர்வை அது.)

புனே பக்கம் ஆகுர்டியில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். சோதிக்காமல் ஒரு நட்டைக்கூட வெளியே விடாதவன். மகள் வித்யாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை, தானாக யாரையும் தொடமாட்டாள். குக்கர் விசில் கேட்டால் சுவரில் நெற்றியை மோதிக்கொள்வாள்.

தெரபிஸ்ட் வர்ஷா, அவளைத் தலை வெளியே இருக்கும்படி கோதடியில் சுருட்டி, தோளிலிருந்து பாதம்வரை உள்ளங்கையால் அழுத்துவார். அவருடைய மையத்தில் அமைதியாகிவிடுவாள். வீட்டில் நாங்கள் கோதடியை விரித்தாலே ஓடிவிடுவாள். சொல்லித்தர அன்று அவரே வீட்டுக்கு வருவதாக இருந்தது. அழைத்துவர பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பிய என் மனைவி செல்வி, "பருப்பு வச்சிருக்கேன். விசில் வர்றதுக்கு முன்னாடி அணைச்சிடுங்க. வேற எதையும் தொடாதீங்க" என்றாள்.

நான் தொட்டது கோதடியை. மகளுக்கு முன் என்னிடம் சோதித்துப் பார்க்க வேண்டாமா? படுத்து மூன்று முறை உருண்டேன். நாலாவதில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டேன். கைகள் இரண்டும் உள்ளே. (சப்பாத்திக்குள் மசாலா வைத்துச் சுருட்டித் தருவதுதான் ஃப்ராங்கி; எங்கள் குடியிருப்பில் இன்றும் எனக்குப் பெயர் 'ஃப்ராங்கி அங்கிள்'.)

அடுப்படியில் ஆவி சீறத் தொடங்கியது. நெளிந்தேன், உதைத்தேன், பிள்ளையாரைக் கூப்பிட்டேன். வித்யா சுவரோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் விசில் அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மோதும் சத்தம் வரவில்லை. என் தோள்மேல் ஓர் உள்ளங்கை அழுந்தியது. பிறகு புஜம், இடுப்பு, முழங்கால், பாதம். வர்ஷாவின் அதே வரிசை, அதே நிதானம். நடுங்குவது நான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த விசிலுக்கு என்மேல் சாய்ந்து, ஒரு காதை என் மார்பில் புதைத்து, மறு காதைக் கையால் பொத்திக்கொண்டாள். எத்தனை விசில் என்று நான் எண்ணவில்லை. எங்கள் இருவரில் யார் பிள்ளை என்பதே எனக்குப் புரியவில்லை.

தீய்ந்த வாசனையோடு கதவு திறந்தது. வர்ஷா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். நான் வாயைத் திறந்தேன். வாசலிலேயே நின்றுவிட்ட செல்வி கிசுகிசுத்தாள்:

"பேசாதீங்க. பன்னெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் அவளா வந்து ஒருத்தர்மேல சாஞ்சிருக்கா. அப்படியே கிடங்க."