முப்பத்திரண்டு பென்குவின்களும் ஒரு சூரியனும்

"மேகம் வருது! மெஷினை நிறுத்து!"

மொட்டை மாடியிலிருந்து வந்த குரல் அது. கீழே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவி, காதில் விழாதது போல இன்னும் நாலு அங்குலம் ஓட்டினாள். ஒரு பென்குவினுக்கு வயிறு பாதிதான் மூடியிருந்தது. அதை அப்படியே விட அவளுக்கு மனசு வரவில்லை.

"நிறுத்துன்னு சொன்னேனே!"

"நிறுத்தியாச்சுங்க!"

டைம்கீப்பர் தடதடவென்று இறங்கி வந்து மெஷின் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு நிமிஷம் லேட்டு."

பஸ் டிப்போவில் எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று விசிலடித்துச் சொல்வது இருபத்தேழு வருடமாக அவர் வேலை. தெருவுக்கே அவர் டைம்கீப்பர்தான். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். போன வாரம் அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மொட்டை மாடியில், அவர் ஆசையாகச் சொல்லி வைத்திருந்த ஆறு சோலார் பேனல்கள் ஏறி உட்கார்ந்துவிட்டன. சாயங்காலம் வந்து பார்த்தவருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

லீவின் முதல் நாளே ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கால அட்டவணை ஒட்டப்பட்டது. பத்து நாற்பதுக்குத் துணி துவைக்கும் மெஷின் புறப்பாடு. பதினொன்றரைக்குத் தண்ணீர் மோட்டார். பன்னிரண்டு ஐந்துக்கு இஸ்திரிப் பெட்டி. பன்னிரண்டு நாற்பதுக்கு போன்கள் எல்லாம் சார்ஜுக்கு. அடியில் சிவப்பு மையில், 'மேகம் வந்தால் எல்லா சர்வீஸும் ரத்து.'

"வெயில் இல்லாட்டியும் கம்பத்துலேர்ந்து கரண்ட் வரும்தானேப்பா?" என்று கேட்டாள் கல்லூரிக்குப் போகும் மகள்.

"அது கரியை எரிச்சு வர்ற கரண்ட்மா. பேனல் போட்ட வீட்டுல அதைத் தொடலாமா?"

சொன்னதோடு விட்டாரா? பக்கத்து வீட்டுக்காரரைக் கையோடு இழுத்து வந்து ஃபேனுக்கு அடியில் நிறுத்தினார். "காத்து எப்படி இருக்கு? சுத்தமா இல்ல? கரி கரண்ட்ல ஓடினப்போ லேசா ஒரு வாடை அடிக்கும். இப்ப அது போயே போச்சு." வெயில் கரண்டில் இஸ்திரி போட்ட சட்டை சீக்கிரம் கசங்குவதில்லை என்றும் கண்டுபிடித்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார். சண்டை போடத் தெரியாத மனிதர்.

நாலு நாள் வெயில் வெளுத்து வாங்கியது. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. திங்கட்கிழமைதான் அந்த மேகம் வந்து வானத்தை மூடிக்கொண்டது.

மனைவி அப்போதுதான் விரல் விட்டு நாளை எண்ணினாள். பெரிய பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை நாடகம். முப்பத்திரண்டு குழந்தைகள் பென்குவினாக வருகிறார்கள். உடுப்பு எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒப்படைப்பதாக நாடக டீச்சரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். அக்கம்பக்கத்து ஜாக்கெட்டையே பத்து வருடமாகத் தைத்துக்கொண்டிருப்பவளுக்கு, ஒரு பள்ளிக்கூடம் நம்பிக் கொடுத்த முதல் வேலை. பதினொன்று முடிந்திருந்தது. பாக்கி இருபத்தொன்று.

"இந்த ஒரு வாரம் மட்டும் கம்பத்துக் கரண்ட்ல தைச்சுக்கறேங்க."

"கொள்கைன்னா கொள்கைதான்."

"கொள்கை பென்குவின் தைக்குமா?"

அவர் விறைப்பாக மாடியேறினார். மேலே போனதும் கீழே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. இறங்கி வந்தவர், டிப்போ அலமாரிக்கு வாங்கி வைத்திருந்த பூட்டை எடுத்து, மெயின் சுவிட்சைக் கீழே தள்ளி, பெட்டியைப் பூட்டினார். சாவி சட்டைப் பைக்குள் போனது.

வீடு கப்சிப் என்று ஆகிவிட்டது. போன்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. இருட்டுவதற்கு முன்பே சாப்பாட்டை முடித்தார்கள். செவ்வாய்க்கிழமை பகலில் ஃபிரிட்ஜும் கைவிட்டது. உறைந்திருந்த ஐஸ் எல்லாம் உருகி, சமையலறைத் தரையைத் தாண்டி, தையல் அறைக்குள் அடுக்கியிருந்த துணிக்குள் புகுந்தது. கறுப்புத் துணியின் சாயம் வெள்ளைத் துணியில் இறங்கிவிட்டது.

மகள் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தாள். "அம்மா, இது பென்குவின் மாதிரி இல்ல. காக்கா மாதிரி இருக்கு."

மனைவி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமலிருந்தால் ஆபத்து என்று டைம்கீப்பருக்குத் தெரியும். கல்யாணமாகி இருபத்துநாலு வருடத்தில் மூன்று தடவைதான் அப்படி நடந்திருக்கிறது.

"நானே துவைச்சுத் தர்றேன்," என்று துணியை அள்ளிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்.

கையால் கசக்கிக் கசக்கி ஒருவழியாக வெளுப்பாக்கினார். புதன்கிழமை மேகத்துக்கு நடுவே லேசாக வெயில் எட்டிப் பார்த்தது. மனைவி சட்டென்று துணியை மாடிக்குக் கொண்டு போய், சூடு அதிகம் பிடிக்கிற இடமாகப் பார்த்துக் காயப்போட்டாள். அந்த இடம் பேனல்தான்.

"ஐயையோ! சூரியனுக்கே போர்வை போத்திட்டியே!"

அவர் பாய்ந்து போய்த் துணியை உருவினார். உருவிய வேகத்தில் ஏழு பென்குவின் வயிறுகள் காற்றில் பறந்து அடுத்த தெருவில் இறங்கின. அப்பாவும் மகளும் அலைந்து திரிந்து ஆறைக் கண்டுபிடித்தார்கள். ஏழாவதில் ஒரு நாய் படுத்திருந்தது. எழுந்திருக்க மறுத்துவிட்டது.

அன்று மனைவி வாயைத் திறந்தாள்.

"இங்க பாருங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முப்பத்திரண்டும் முடியணும். முடியலைன்னா, சனிக்கிழமை காலையில ஆளைக் கூப்பிட்டு அந்த ஆறு பேனலையும் கழட்டச் சொல்லிடுவேன். அதுக்கப்புறம் உங்க சூரியன் வேற வீட்டைப் பாத்துக்கட்டும்."

 வேலை பார்த்த இத்தனை வருடமும் டிப்போவில் கறுப்புப் புகையைச் சுவாசித்தவர் டைம்கீப்பர். தன் வீட்டிலாவது புகையில்லாமல் ஒரு விளக்கு எரியட்டும் என்பது உண்மையிலேயே அவர் ஆசை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் அட்டவணை, பூட்டு என்று அலட்டிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமையும் வானம் திறக்கவில்லை. பரணிலிருந்து பழைய கால்மெஷினை இறக்கினார்.

"நான் மிதிக்கறேன். நீ துணியைப் பிடி."

"ரெண்டு பேரும் ஒரே மெஷின்லயா?"

"டிரைவர், கண்டக்டர் மாதிரி."

டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஒத்துப்போகவில்லை. அவள் நிறுத்து என்றபோது அவர் மிதித்தார், போ என்றபோது மூச்சு வாங்கினார். மத்தியானத்துக்குள் ஒரு பென்குவினுக்கு இறக்கை கழுத்தோடு சேர்ந்துவிட்டது, இன்னொன்றுக்குத் தலை நுழைய வழியே இல்லை. தைத்தது நாலு, பிரித்தது அஞ்சு. டைம்கீப்பரின் கணுக்கால் வீங்கி உட்கார்ந்தது.

"முன்னாடி இருந்ததைவிட ஒண்ணு குறைஞ்சுடுச்சுப்பா," என்றாள் மகள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. டைம்கீப்பர் நொண்டி நொண்டி மாடியேறினார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பேனல் ஆறும் கண் கூசும்படி பளபளத்தன. வாய்க்குள் விசிலை வைத்து ஒரே ஊது ஊதினார்.

"எல்லா சர்வீஸும் ஓடலாம்!"

பூட்டைத் திறந்து மெயினை மேலே தள்ளினார். மெஷின் ஓடத் தொடங்கியது. மனைவி தைத்தாள், மகள் நூலை வெட்டினாள், டைம்கீப்பர் வீங்கிய காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு பென்குவின் கண்ணுக்குப் பட்டன் தைத்தார். சாப்பிடக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. நாலரை மணிக்கு முப்பத்திரண்டாவது பென்குவின் வரிசையில் சேர்ந்தது. கூடம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக நின்றது.

மனைவி நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். நாலு நாளாகப் பார்க்காத பார்வை.

"இன்னிக்கு மெஷின் பறந்துச்சுங்க. நான் தோத்துட்டேன். பேனல் இருக்கட்டும்."

டைம்கீப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் ஜெயிக்கலம்மா. சூரியன் ஜெயிச்சுது. இந்தப் பென்குவின் ஒவ்வொண்ணும் சுத்தமான வெயில்ல தைச்சது. நாளைக்கு மேடையில பாரு, தனியாத் தெரியும்." பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, தையலைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அவர் தடவிப் பார்த்துவிட்டு, ஆமாம், வித்தியாசம் தெரிகிறது என்றார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் அழைப்பு மணி அடித்தது. மகள் போய்க் கதவைத் திறந்தாள். தோளில் ஒரு பெரிய வயர்ச் சுருளை மாட்டிக்கொண்டு, காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நின்றிருந்தார்.

"அப்பாடா, இன்னிக்காவது பெல் அடிச்சுதே! திங்கக்கிழமையிலேர்ந்து தினமும் வந்து வந்து திரும்பிப் போறேன், உங்க போனும் ஸ்விட்ச் ஆஃப். கோச்சுக்காதீங்க சார், அன்னிக்குப் பேனலை மாட்டி முடிக்கறதுக்குள்ள வயர் தீந்துபோச்சு. அதை வீட்டுக் கரண்டோட இனிமேதான் சேர்க்கணும்."