டிவி பூசிக்கொண்ட திருநீறு

எங்கள் வீட்டில் நான் சொன்னால் சொன்னதுதான். அதாவது, சொன்னதோடு சரி. அப்படிப்பட்ட நான் இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு சித்திரையில் துணிந்து ஒரு சட்டம் போட்டேன்.

"இனிமே டிவிக்கு நாலடி தள்ளித்தான் எல்லாரும் உட்காரணும். திரையில ஒரு விரல் அடையாளம் இருக்கக் கூடாது."

எல்லாரும் என்பது என் மனைவி மீனாம்பிகை. வீட்டில் வேறு ஆள் கிடையாது. டோஹாவில் வேலை செய்யும் மகள் லீவில் வந்தபோது கொண்டு வந்த தட்டை டிவி அது. மாத்தளையில் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குள் அதுதான் முதலாவது. கந்தோர் உத்தியோகத்துக்குப் புறப்படும் முன் அணைத்திருக்கும் திரைக்கு முன்னால் நின்றுதான் தலை சீவுவேன். கண்ணாடி உள்ளதை உள்ளபடி காட்டும். டிவி மங்கலாகக் காட்டுவதால், மிச்சமிருக்கும் முடி கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியும்.

மகள் திரும்பிப் போகும்போது படித்துப் படித்துச் சொன்னாள்.

"அப்பா, அணைச்சு, ஆறவிட்டு, நான் கொண்டு வந்த இந்த மெல்லிய துணியால துடைங்க. அழுத்தக் கூடாது. ஒரே பக்கமாத் துடைக்கணும். ஈரம் வேணும்னா துணியில தெளிங்க, திரையில தெளிக்காதீங்க. பவுடர் கிவுடர் எதையும் போட்டுத் தேச்சிடாதீங்க."

"இருபத்தெட்டு வருஷம் கவர்மெண்ட் உத்தியோகம் பாக்கிறவனுக்குத் துடைக்கச் சொல்லித் தரியா?" என்றேன். மீனாம்பிகை மட்டும் அதை மந்திரம் போல முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள்.

அடையாளம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அவளுடைய தம்பி மாடசாமி, எழுபத்தேழு இனக்கலவரத்துக்குப் பிறகு இரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனவன். அங்கேயே கலியாணம், காணி, பிள்ளைகள். அங்கே யுத்தம் உச்சத்தில் இருந்த அந்த வருஷம், தைப் பொங்கலுக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. டிவியில் தினமும் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு தண்ணீரைக் கடந்து வருவதைக் காட்டினார்கள். மீனாம்பிகை அடுப்படியிலிருந்து எண்ணெய்க் கையோடு ஓடி வருவாள். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, விரலை வைத்து ஒவ்வொரு முகமாகத் தேடுவாள்.

"இந்தா, இந்த நீலச் சேர்ட்டு."

"அது கிழவர் மீனா."

"இப்ப அவனும் கிழவனாத்தாங்க இருப்பான்."

பயம் எனக்கும்தான். ஆனால் பயத்தைப் பற்றிப் பேச எனக்கு வராது. அழுக்கைப் பற்றி என்றால் மணிக்கணக்கில் பேசுவேன். நாட்டில் நடந்த எதையும் என்னால் துடைக்க முடியவில்லை. இந்த ஒரு ரேகையையாவது துடைப்போம் என்று நினைத்தேன். அதனால்தான் சட்டம்.

"சரிங்க" என்றாள்.

கலியாணமான நாளிலிருந்து, அவள் உடனே 'சரிங்க' என்று சொன்ன எதுவும் நடந்ததில்லை. மறுநாள் காலையில் திரையின் நட்ட நடுவே ஒரு விரல் ரேகை.

"இது யாரோட விரலு?"

"பல்லியா இருக்கும்."

"பல்லிக்கு ரேகை இருக்கா? பாரு, எவ்வளவு தெளிவா ஓடுது."

"எனக்கு ரேகை சாஸ்திரம் எல்லாம் தெரியாதுங்க."

வெள்ளிக்கிழமை அவள் முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வேலையில் இறங்கினேன். திரையைப் பளிங்கு போல ஆக்கிவிட்டால், தொட அவளுக்கே கூச்சம் வரும் என்பது என் திட்டம். மெல்லிய துணியால் துடைத்தேன். எண்ணெய் ரேகை அசையவில்லை. அப்போதுதான் லாந்தர் சிமினி ஞாபகம் வந்தது. புகை பிடித்த சிமினிக்குத் திருநீறு போட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். சிமினியும் கண்ணாடி, டிவியும் கண்ணாடி. ஆகவே திருநீறு. கந்தோரில் இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் எத்தனையோ தீர்மானம் எடுத்திருக்கிறோம்.

சாமித் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தேன். சட்டைப் பையிலிருந்த லேஞ்சியை விரல்களில் சுற்றினேன். திருநீறு எடுத்தால் இந்தக் கை மூன்று விரலை நீட்டித்தான் பழக்கம். இடமிருந்து வலமாக நன்றாக அழுத்தி இழுத்தேன். ரேகை போயிற்று. அந்த இடத்தில் மூன்று கோடு வந்தது. துடைத்தேன். தூள் போனது, கோடு போகவில்லை. அது கண்ணாடியே இல்லை, ஏதோ மெல்லிய தோல். போதாததற்கு நடுக்கோடு கொஞ்சம் வளைந்திருந்தது. தம்புள்ளை பஸ் கதவில் ஒருமுறை நசுங்கியதிலிருந்து என் நடுவிரல் கோணல்.

சாயந்தரம் மீனாம்பிகை வந்து டிவியைப் போட்டாள். கோட்டும் டையுமாகச் சிங்களச் செய்தி வாசிப்பவர் வந்தார். நெற்றியில் மூன்று பட்டை. அடுத்து கிரிக்கெட் வீரர், பட்டை. சவர்க்கார விளம்பரத்தில் குளிக்கிற பெண், பட்டை. அரை மணி நேரத்தில் இலங்கை முழுவதும் சைவமாகிவிட்டது. சூப் விளம்பரத்தில் வந்த கோழிகூடச் சைவம்.

கொத்தமல்லி கேட்டு வந்த பக்கத்து வீட்டு றமீஸா அப்படியே நின்றாள்.

"என்ன மீனாக்கா, நியூஸ் வாசிக்கிறவரு திருநீறு பூசீக்காரு?"

"ஸ்டேஷன்ல ஏதோ கோளாறு" என்றேன்.

"எங்கட டிவில வெறும் நெத்தியோடதானே இருந்தாரு."

மீனாம்பிகை திரைக்குக் கிட்டப் போய் வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் டிவியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"இப்பத்தான் அம்மன்கிட்ட தம்பிக்காக நேந்துட்டு வரேன். வீட்டுக்குள்ள கால் வைக்கிறேன், சாமி திருநீறு போட்டுக் காட்டுது. இனிமே இதை யாரும் துடைக்கக் கூடாதுங்க. நாலடி தள்ளி நின்னு சாமி கும்பிட முடியுமா? கிட்டப் போய்த் தொட்டுத்தானே கும்பிடணும்."

"சாமின்னு எப்படிச் சொல்றது? வேற ஏதாவது..."

"வேற யாருங்க? வீட்ல நீங்க மட்டும்தானே இருந்தீங்க. மகள் அவ்வளவு சொல்லியும் நீங்களா தூளைப் போட்டுத் தேய்ப்பீங்க?"

"சேச்சே."

"அப்ப சாமிதான்."

சட்டம் அன்றோடு செத்தது. கொன்றது நானேதான்.

அதற்குப் பிறகு சாயந்தரங்களில் நானும் அவள் பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீரைக் கடந்து வந்தவர்கள் எல்லாருடைய நெற்றியிலும் அந்தப் பட்டை ஏறி இறங்கியது. குழந்தையைத் தோளில் போட்டிருந்தவன், கை இல்லாதவன், நடக்க முடியாமல் தூக்கி வரப்பட்ட ஒரு தாய். கண்ணைத் திருப்ப எனக்கு மனசு வரவில்லை. ஒருநாள் என்னை அறியாமல் நானே விரலை வைத்தேன்.

"இவனா பாரு மீனா."

"இல்லைங்க. தம்பிக்குக் காது பெருசு."

மறுநாள் காலையில் திரையில் இரண்டு ரேகை இருந்தது. நான் துடைக்கவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம் டெலிபோன் அடித்தது. மீனாம்பிகை எடுத்தாள்.

"அக்கா, நான் மாடசாமி. வவுனியாவில முகாம்ல இருக்கேன். பிள்ளைங்களும் இருக்காங்க."

அவன் குரல் எனக்கே கேட்டது. அவள் ரிசீவரோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். நானும் அழுதேன். அவனோடு பேச என்னிடம் கொடுத்தபோது, "சாப்பிட்டியா?" என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் வரவில்லை.

ரிசீவரை வைத்துவிட்டு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வெள்ளிக்கிழமை லீவு போடுங்க. நேர்த்தி இருக்கு."

"தாராளமா. என்ன நேர்த்தி?"

"மொட்டை."

"நல்லது. மாடசாமி வந்ததும் கூட்டிட்டுப் போவோம்."

"அவனை எப்ப வெளிய விடுவாங்களோ. உங்க தலைக்குத்தான் நேந்தேன்."

என் கை தானாகத் தலைக்குப் போயிற்று.

"என்னைக் கேக்காம என் தலையையா?"

"சாமியே ஒத்துக்கிட்டுத் திருநீறு போட்டுருச்சே. நீங்க யாருங்க மறுக்கிறதுக்கு?"

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. வெட்கத்தை விட்டேன்.

"மீனா, அது சாமி இல்ல. நான்தான். சிமினி துடைக்கிற மாதிரித் துடைச்சேன், கீறிடுச்சு. அதனால சாமி ஒத்துக்கவும் இல்ல, இந்த நேர்த்தி செல்லவும் செல்லாது."

"தெரியுங்க."

"எப்ப?"

"அன்னைக்கே. சாமிக்கு நடுவிரல் கோணலா இருக்குமா?" என்றாள். "மொட்டையைப் போட்டுட்டு வாங்க. டிவி விஷயம் நான் இன்னும் மகளுக்குச் சொல்லல."

வெள்ளிக்கிழமை மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனத்தோடு வீட்டுக்கு வந்தேன். பழக்க தோஷம், அணைத்திருந்த டிவிக்கு முன்னால் போய் நின்றேன். மங்கலாக ஒரு தலை தெரிந்தது. அதன் மேல் மூன்று கோடு, நடுக்கோடு கோணல். பின்னால் மீனாம்பிகை வந்தாள். கையில் மகள் கொண்டு வந்த மெல்லிய துணி. என்னை நாற்காலியில் உட்கார வைத்து, காய்ந்த சந்தனத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அசையாதீங்க. அழுத்தக் கூடாது. ஒரே பக்கமாத் துடைக்கணும்." துடைத்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தாள். "இப்பப் பாருங்க, ஒரு அடையாளம் இல்ல."